ரோசலினும் சத்தம் அடங்கிய கீபோர்டும்

அன்று கிருத்திகை. விரதம் என்பதால் அடுப்பு பற்ற வைக்காமல் முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரோசலினின் அண்ணன் பேசினார். களமருதூரில் விவசாயம் பார்ப்பவர். போனை எடுத்தவுடன் "அங்க மழை உண்டாம்மா" என்று ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி போயிடுச்சிம்மா. காலைல ஆறு மணிக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

ஆறு மணி என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, அது அவள் வேலைக்கு உட்காரும் நேரமாயிற்றே என்பதுதான். கையில் இருந்த பூவை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு மாதா கோயிலுக்கு வந்திருந்த நீங்கள் பலபேர், பக்கத்து வீட்டில் இருந்தவள் நான் என்பதால், அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. எழுத்தில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். என்னைவிட ஆறு வயது சின்னவளை எனக்கு அப்படி எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கராபுரத்தில் எங்கள் வீடும் அவள் குடிவந்த வீடும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. நடுவில் ஒரு சுவர். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஒரு ஆறு மாசம் இருந்து பாக்கட்டும்மா. முடியலன்னா நானே வந்து இட்டுக்கினு போயிடறேன்." ரோசலினுக்குப் பதினாலு வயதில் சர்க்கரை நோய் வந்தது. அது இருபத்தொன்பதாவது வயதில் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. விரல் நுனிகளும் பாதி மரத்துப்போயிருந்தன. ஆனால் கண் இருந்த காலத்தில் திருக்கோவிலூரில் டைப்ரைட்டிங் படித்திருந்தாள். அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை.

தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மோட்டார் ஓடவில்லை என்று விவசாயிகள் போன் செய்தால், பெயர், ஊர், கோளாறு எல்லாவற்றையும் கேட்டு கம்ப்யூட்டரில் அடித்துப் பதிவு செய்ய வேண்டும். அடித்ததைக் கம்ப்யூட்டர் அவள் காதில் படித்துச் சொல்லும். விவசாயத்துக்கு விடும் த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடாதது தெரியும் என்பதால், காலை ஆறு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிடும். நான் விளக்கேற்றி உட்காருவதும் அதே ஆறு மணிக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் டக்கு டக்கு டக்கு என்று கேட்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் கரண்டியை எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். சத்தம் நின்றது. வேலை முடிந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, காலைல தட்டுனது நீங்கதான?"

"நான்தான். சாமி கும்புடற நேரத்துல ஒரு வரி ஒழுங்கா சொல்ல முடியல."

"உங்க சாமிக்கு நீங்க சொல்றது கேக்கறதுக்கு முன்ன என்து கேக்குதா? அப்ப என் சத்தம்தான் ஜாஸ்தி." அவள் சிரித்தாள். "ஒரு தட்டு தட்டுனா நிறுத்திடறேன். ரெண்டு தட்டுனா காபி ரெடின்னு எடுத்துக்கட்டுமா? சக்கர வேணாம்."

நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். இதையும் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவளே வந்து கூப்பிட்டாள். கம்பெனி சூப்பர்வைசர் கண்டித்துவிட்டாராம். போன் செய்கிற ஆட்களுக்கு அவள் குரலைவிட கீபோர்டு சத்தம்தான் பலமாகக் கேட்கிறது. ஒரு பெரியவர், "ஏம்மா, மோட்டார் ஓடலன்னு நான் சொல்லிக்கினு இருக்கறேன், நீ பொரி வறுத்துக்கினு இருக்கறியே" என்று கேட்டாராம். ஒரு மாதம் கெடு. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் தானே போன் செய்து கேட்பார். சத்தம் இருந்தால் வேலை வேறு ஒருவருக்கு.

"சத்தம் இல்லாத கீபோர்டு ஒன்னு வாங்கிக்கறதுதான?" என்றேன்.

"தட்டையா இருக்கற கீபோர்டு எல்லாத்தையும் பாத்துட்டேன்க்கா. எழுத்து உழுந்துச்சா உழலியான்னு என் விரலுக்குத் தெரியல. இதுல ஒவ்வொரு பட்டனும் உள்ள போறப்போ நடுவுல ஒரு சின்ன மேடு மாதிரி தட்டும். அது மட்டும்தான் எனக்குத் தெரியுது." கீபோர்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் வூட்டுக்குப் போனா நல்லா பாத்துக்குவாங்க. வேளைக்குச் சோறு வரும். ஆனா ஒரு வேலையும் தர மாட்டாங்கக்கா. ஒரு வெங்காயம்கூட உரிக்க வுட மாட்டாங்க."

ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "அந்தச் சத்தம் உங்க அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

எங்கள் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவர். ஸ்குரூ டிரைவர் இருந்தது. எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருந்தது. கணக்கு இடிக்கும்போது நான் ஒவ்வொரு வரியாகத்தான் தேடுவேன். அதே மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டோம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். என்ன வைத்தோம், எங்கே வைத்தோம், காதுக்கு எப்படி, கைக்கு எப்படி. கடைசி இரண்டு கட்டங்களுக்கும் அவள் சொல்வதை அப்படியே எழுதுவேன்.

"மொதல்ல இது எப்படி இருக்குதுன்னு எழுதுங்கக்கா. தகரத் தட்டுல உளுந்து கொட்டற மாதிரி."

"எப்படி ஆகணும்?"

யோசித்தாள். "மலைப் பலா வாங்கி அறுக்கறப்போ கொட்டைய மண்ணுத் தரையில போடுவோம் பாருங்க. அந்த மாதிரி."

முதலில் ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து அடியில் போட்டேன். "மேச பேசறது நின்னுடுச்சி. இப்ப கீபோர்டு மட்டும்தான் பேசுது" என்றாள். பாதிச் சத்தம் மேசையுடையதாக இருந்திருக்கிறது. அடுத்து ஸ்குரூவைக் கழற்றி மேல்பாகத்தைத் தூக்கினால், உள்ளே வெறும் கூடு. காலிக் குடத்தைத் தட்டினால் சத்தம் வராமல் என்ன செய்யும்? புது மிக்ஸியைச் சுற்றி வந்த வெள்ளை நுரைத்தாளை எறியாமல் வைத்திருந்தேன். ஆசையில் மூன்று மடிப்பு வைத்துத் திணித்துவிட்டேன். கீபோர்டு நடுவில் கர்ப்பிணி போலப் புடைத்துக்கொண்டது, மூடியே போட முடியவில்லை. ஒரே மடிப்பாக வெட்டி வைத்ததும் அடங்கியது. பொத்தான்கள் பதிந்திருக்கும் பலகையின் முதுகில், பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓரத்துக்கு ஒட்டும் காகித டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினேன். அதற்கு இத்தனை பலன் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கணீர் என்பது போய் டொக் என்று ஆனது.

அதற்கப்புறம்தான் வால்வ் டியூப். சைக்கிள் கடையில் முழக்கணக்கில் கிடைக்குமே, அந்த மெல்லிய ரப்பர் குழாய். அதைப் பீன்ஸ் நறுக்குவதுபோல வளையம் வளையமாக நறுக்கி, ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் மாட்டினேன். ஒரு பகல் பூராவும் அதே வேலை. மாட்டி முடித்து அடித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, சத்தம் போச்சி. அந்த மேடும் போச்சி."

"சத்தம் போனா போதும்னுதான நீ சொன்ன?"

"சத்தம் கம்மியாகட்டும். சேதி கம்மியாகக் கூடாது."

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அத்தனையையும் கழற்றி, அதில் பாதி தடிமனுக்கு மறுபடி நறுக்கினேன். சேதி என்று அவள் சொன்னது, பொத்தான் அவள் விரலுக்குச் சொல்லும் 'ஆச்சு' என்கிற அந்த ஒன்றை. அதைத் தொடாமல் மற்ற சத்தத்தை மட்டும் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வேலை ஒழுங்குக்கு வந்தது.

கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஒன்றே ஒன்று மிச்சம். கீழே இருக்கும் நீளப் பொத்தான், சொல்லுக்குச் சொல் இடம் விடுவதற்கானது. அதன் அடியில் ஒரு கம்பி இருக்கிறது. அது ஆடி லொடலொட என்றது. என் வீட்டில் எது கிறீச்சிட்டாலும் நான் தொடுவது தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீலுக்கும் அதுதான், அரிவாள்மணைக்கும் அதுதான். நல்ல காரியமாயிற்றே என்று, பூஜைக்குத் தனியாக வைத்திருந்த எண்ணெயைத் திரியில் நனைத்து, முருகனை வேண்டிக்கொண்டு கம்பியில் விட்டேன். சத்தம் நின்றே போனது. நாலு நாள் தேன் மாதிரி ஓடியது.

ஐந்தாம் நாள் கெடு. மார்கழி பிறந்தும் இறங்காத குளிர் அன்று இறங்கிவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது தலைக்குத் தேய்க்கும் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பாட்டிலில் மட்டும்தான் உறையும் என்று நினைத்துவிட்டேனோ என்னவோ. ஆறு மணிக்கு நான் விளக்கேற்றும்போது சுவர் தடதடவென்று அதிர்ந்தது. ஓடினேன். அமுங்கிய நீளப் பொத்தான் மேலே வரவே இல்லை. கம்ப்யூட்டர் காலி இடம் காலி இடம் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"உங்க சாமி எண்ண ஒறஞ்சிக்கினு உக்காந்துடுச்சிக்கா. அந்தப் பட்டன புடுங்கிடுங்க."

பிடுங்கினேன். அதற்குள் போன் வந்துவிட்டது. இடம் விட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்து அடித்துச் சமாளித்தாள். நான் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மூன்றாவது போன் சூப்பர்வைசருடையது. அவர் சொல்லச் சொல்ல அடித்தாள், படித்துக் காட்டினாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. 'இப்ப சத்தமே இல்லம்மா, நல்லா இருக்குது' என்றாராம். நான் பொத்தானைக் கீழே வைக்கப்போனேன். அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள்.

"சார், ஒன்னு சொல்லணும். இன்னிக்கி பெரிய பட்டன் ஒன்னு இல்லாம அடிச்சிக்கினு இருக்கறேன். அதான் எல்லாத்தவிட ஜாஸ்தியா சத்தம் போடறது. நாளைக்கி மாட்டிடுவேன். நாளைக்கி ஒருக்கா போன் பண்ணி கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

போனை வைத்ததும் கத்திவிட்டேன். "உனக்கு இன்னா பைத்தியமா ரோசு? வாய்க்கு வந்த சோத்த எவளாவது தட்டி வுடுவாளா? நாளைக்கி சத்தம் கேட்டா உங்கண்ணன் வண்டிய எடுத்துக்கினு வந்து நிப்பாரு."

"நிப்பாருதான். ஆனா அந்தப் பட்டன நாளைக்கி மாட்டித்தான ஆவணும்? போன் பண்ற பெரியவருக்கு 'சார்கிட்ட பாஸாயிட்டேன்'னு சொன்னா சத்தம் கேக்காதா?"

அவள் வேலை போனால் அது என் எண்ணெயால் போகும் என்பது மட்டும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மதியம் வீட்டுக்காரர் சாப்பிட வந்ததும் கம்பியைக் காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"வெளக்குக்கு ஊத்தறத கம்ப்யூட்டருக்கு ஊத்தி இருக்கற. கற்பூரம் காட்டுனியா இல்லியா?"

ரோசலின் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தது கேட்டது. திட்டினாலும், கடைக்குப் போய் வெள்ளை கிரீஸ் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து வாங்கி வந்தார். குழாய் வாஷருக்குத் தடவுவது, குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். கம்பியையும் பொத்தானையும் பாத்திரச் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, துடைத்து, முற்றத்து வெயிலில் காயவைத்தேன். கம்பி நுனிகளில் மட்டும் கிரீஸ் தடவினேன். கம்பி வந்து இடிக்கும் இடத்தில் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு. பொத்தானின் வயிற்றுக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் நகத்தளவு. மாட்டிக் கொடுத்தேன். அவள் ஒருமுறை அமுக்கினாள். தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள்.

"எழுதிக்குங்கக்கா. பலாக்கொட்ட."

மறுநாள் நான் விளக்கேற்றி உட்கார்ந்தேனே தவிர ஒரு வரியும் சொல்ல வரவில்லை. சுவர்ப் பக்கமே காது இருந்தது. எட்டு மணி வாக்கில் சுவரில் மெதுவாக இரண்டு தட்டு கேட்டது. சர்க்கரை போடாத காபியை எடுத்துக்கொண்டு போனேன். "சரிம்மா, வேலைய பாருன்னாரு. அவ்ளோதான்" என்றாள். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, சொல்லாமல் விட்ட வரிகளைச் சொல்ல விளக்கடிக்குத் திரும்பினேன்.

அதன்பிறகு நாலு வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தாள். கீபோர்டு அடங்கியதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. போனுக்கு அந்தப் பக்கம் கேட்பதெல்லாம் அவளுக்குத் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. "மோட்டார்கிட்ட போன வைங்க ஐயா" என்பாள். கேட்டுவிட்டு, பேரிங் போயிருக்கிறதா, சுற்றாமல் வெறுமனே உறுமுகிறதா என்று சேர்த்து அடித்து அனுப்புவாள். மெக்கானிக்குகள் சரியான சாமானோடு முதல் தடவையே போய் இறங்கினார்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் பஸ்ஸில் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "மோட்டாரு சத்தத்த கேட்டே சொன்ன பொண்ணு வூடு எது" என்று எங்கள் தெருவில் விசாரித்தார். பழத்தில் ஒரு சுளைக்கு மேல் அவள் சாப்பிடக் கூடாது. மீதியைத் தெருவுக்கே பங்கு வைத்தோம்.

கடைசி வருஷம் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் இரண்டு நாள் கள்ளக்குறிச்சிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தாள். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். சாவதற்குப் பதினோரு நாள் முன்பு வரை உட்கார்ந்தாள். அவள் இடத்துக்கு வந்திருப்பவளும் பார்வை இல்லாத ஒரு பெண்தானாம். அண்ணன் சொல்ல, ஸ்பாஞ்சையும் துணியையும் புதிதாக மாற்றி, கிரீஸைத் துடைத்துத் தடவி, கீபோர்டை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி வைத்தோம். கூடவே நோட்டுப் பக்கங்களை ஒருவர் படித்துக் காட்டும்படி நகல் எடுத்து வைத்தேன். தேங்காய் எண்ணெய் கூடாது என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன்.

முப்பதாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் பலர் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ரெண்டு வருசம் இருக்கும்மா. என் மோட்டாரு நின்னுபோச்சி. கம்பெனி நம்பருக்குப் போட்டா தங்கச்சிதான் எடுக்குது. நான் பேரச் சொன்னேன், ஊரச் சொன்னேன். அண்ணான்னு ஒரு வார்த்த இல்ல. 'சொல்லுங்க ஐயா'ன்னுது. எனக்குச் சிரிப்பா வந்துச்சி. அடிக்கற சத்தமே கேக்கல. எழுதுதா, சும்மா இருக்குதான்னு சந்தேகம். கடைசில பாத்தா நான் சொன்னத ஒன்னு வுடாம திருப்பிப் படிக்குது. எப்ப ஆளு வரும்னேன். 'உங்களுக்கு முன்ன நாலு பேர் இருக்காங்க ஐயா, நாளன்னிக்கி வருவாங்க'ன்னு சொல்லி வச்சிடுச்சி."

தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிலேருந்து வந்துடு வந்துடுன்னு கூப்புடறத வுட்டுட்டேன். அதான் அது வேல செய்யற எடத்துல இருக்குதே. நான் எங்க போயி இட்டுக்கினு வர்றது."

அவள் பக்கத்துச் சேதி எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வந்து சொல்லியிருந்தாள். அதை அவருக்கு அப்போதுதான் சொன்னேன். "இன்னிக்கி எங்கண்ணன் பேசுனாருக்கா. அவரு பேர மேல தூக்கிப் போட்டுடலாம்னு கை போச்சி. முன்ன இருந்த நாலு பேர்ல ஒருத்தரு, நாத்து காயுதுன்னு அழுதுட்டாரு. அப்படியே வுட்டுட்டேன்." இதைக் கேட்டதும் அவர் இலையில் இருந்த சோற்றில் குழி பறித்தார். பிறகு, "சரியாத்தான் செஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

ரோசலினிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த வரிசையை. இத்தனை வருஷமாக விளக்கேற்றியதும் எங்கள் வீட்டு வேண்டுதலைத்தான் முதலில் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது எங்களுக்கு முன்னால் காத்திருக்கிறவர்களைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, அவளுடைய வேலைக்கு வந்திருக்கும் அந்தப் பெண், மழை பார்த்து நாற்று விட்டிருக்கும் களமருதூர் அண்ணன், இரண்டு மாதமாகச் சம்பளம் வராத எதிர்வீட்டுக்காரர். என் மகளுக்கு இந்த மாதம் பிரசவம். அதை ஐந்தாவதாகச் சொல்கிறேன்.